கொட்டகை நின்ற முனை

ப்ரூயிட் படகுத்துறை,
சல்ஃபர் ஓடை, டென்னசி
1995 டிசம்பர் 4

ஹாய்ட்,

போனை எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் பட்டுவிடும். அந்த ஒரு வரியை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: துறையை விற்கப் போகிறேன்.

இனி மீதியையும் படிப்பாய்.

என் இடுப்பு தேய்ந்துவிட்டது. டாக்டர் படம் எடுத்துக் காட்டினார், பழைய கீல் மாதிரி இருக்கிறது. பொடிமீன் வாளியைத் தூக்கித் தொட்டியில் கொட்டிவிட்டு நிமிர்வதற்குள் வாடிக்கையாளர் சிகரெட்டைப் பற்றவைத்து முடித்துவிடுகிறார். மகள் பாதூகாவில் தன் வீட்டில் கீழ் அறையை எனக்காகக் காலி செய்து வைத்திருக்கிறாள். இன்னொரு வெயில் காலத்தை என்னால் ஓட்ட முடியாது. விற்றால் இந்தக் குளிரில் விற்க வேண்டும்.

வாங்க ஒருவர் வந்திருக்கிறார். வோல்கர் என்று பெயர், இண்டியானாவில் மெத்தைக் கடைகள் வைத்திருக்கிறார். படகுகள், எட்டுக் குடில்கள், கடை, எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயில் காலத்துல எந்தத் துறையும் ஓடும் மேடம். ஜனவரியில என்ன ஓடுதுன்னு காட்டுங்க. அப்புறம் பேனாவை எடுக்கிறேன்." ஆள் முட்டாள் இல்லை. நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். கிறிஸ்துமஸ் வருவதற்குள் மற்ற துறைகள் எல்லாம் பூட்டிக்கொண்டு போகும்போது நம்முடையது மட்டும் திறந்திருப்பது கிராப்பி மீனால். அந்தக் கிராப்பி கிடைப்பது உன்னால். இதைச் சொல்ல எனக்கு வாய் வலிக்கிறது. ஆனால் சரக்கு நல்லதென்றால் நல்லதென்றுதான் சொல்வேன்.

ஜனவரியில் இரண்டு நாள் அவரை மீன் பிடிக்கக் கூட்டிப் போ. ஒரு நாள் கிராப்பி, ஒரு நாள் பாஸ் மீன்.

செப்டம்பரில் ஒரு வார்த்தை சொல்லாமல் படகை அவிழ்த்துக்கொண்டு அக்கரையில் ஹோல்கம்ப் துறைக்குப் போனாய். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் டெல்பர்ட்டின் தம்பி என்பதால் பத்தொன்பது வருஷம் படகு நிறுத்த உன்னிடம் வாடகை கேட்டதில்லை. துணி துவைக்கும் தொட்டியில் மண்புழுவை வைத்து ரோட்டோரம் விற்று ஆரம்பித்தவள் நான். கெஞ்சத் தெரியாது. பேசி முடிக்கத் தெரியும். உனக்கு என்ன வேண்டும், எழுது.

வெர்லா


ஹோல்கம்ப் துறை
1995 டிசம்பர் 9

திருமதி ப்ரூயிட் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. துறை உங்களுடையது, விற்பது உங்கள் இஷ்டம். என்னால் வர முடியாது.

ஏன் போனேன் என்று தெரியாது என்கிறீர்கள். தெரியாமல் கேட்பவருக்குப் பதில் சொல்லலாம். தெரிந்தே கேட்பவருக்கு என்ன சொல்வது? இருந்தாலும் எழுதுகிறேன். ஹாய்ட் காரணமே சொல்லவில்லை என்று நாளைக்குக் கடையில் உட்கார்ந்து சொல்லக் கூடாது அல்லவா.

கொட்டகை.

ஏரிக்குள் நீளும் உங்கள் நிலத்தின் முனையில் நின்ற புகையிலைக் கொட்டகையை நான் ஊரில் இல்லாத வாரத்தில் பிரித்து விற்றீர்கள். திரும்பி வந்து படகை எடுத்துக்கொண்டு நடு ஏரிக்குப் போனேன். கரையைப் பார்த்தால் முனை மொட்டை அடித்த தலை மாதிரி இருந்தது.

அணை கட்டுவதற்கு முன் ஆறு ஓடிய தடத்தில், அது வளையும் இடத்தில், டெல்பர்ட்டும் நானும் சீடார் மரங்களைக் கல்லில் கட்டி இறக்கினோம். குளிர் ஏறி அணைக்காரர்கள் தண்ணீரைக் குறைத்ததும் ஓடைகளில் இருக்கிற கிராப்பி எல்லாம் அந்த ஒரு கட்டுக்குத்தான் வந்து அடையும். மற்ற இடங்களில் நான் போட்டவை எல்லாம் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும். ஜனவரிக்கு அது ஒன்றுதான்.

அதற்குக் குறி இரண்டு கோடு. கொட்டகையின் தெற்கு மூலை, அதற்குப் பின்னால் ஊர்த் தண்ணீர்த் தொட்டி: இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் ஒரு கோடு. பாறைச் சுவரின் பிளவும் ரேடியோ கோபுரமும் சேர்ந்தால் இன்னொன்று. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் கட்டு காலுக்குக் கீழே. கொட்டகை போனதும் எனக்கு ஒரு கோடுதான் மிச்சம். ஆழம் காட்டும் கருவி இருக்கிறதே என்பீர்கள். அது படகுக்கு நேர் கீழே இருப்பதைத்தான் காட்டும். இருட்டு வயலில் தீக்குச்சி கொளுத்தி ஊசி தேடுவது போல.

ஏரிக்குள் போட்டது யாருக்கும் சொந்தமில்லை என்பது சட்டம். போட்டவனுடையது என்பது எங்கள் வழக்கம். அதனால்தான் குறியை யாரிடமும் சொல்வதில்லை. இந்தக் குறி இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் செத்துப் போனார். சாகும் முன் மனைவியிடம் சொல்லாமலா போயிருப்பார்? என் வாடிக்கையாளர்களை இனி நானே பார்த்துக்கொள்கிறேன், துறைக்குப் பங்கு கிடையாது என்று ஆகஸ்டில் சொன்னேன். செப்டம்பரில் கொட்டகை போயிற்று. இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

ஹாய்ட் ப்ரூயிட்


சல்ஃபர் ஓடை
1995 டிசம்பர் 12

ஹாய்ட்,

திருமதி ப்ரூயிட் அவர்களுக்காம்! நீயும் ப்ரூயிட்தான்டா. பாதிப் பெயரை என்னிடம் கடன் வாங்கியவன் மாதிரி எழுதியிருக்கிறாய்.

எனக்குத் தெரியாது. பைபிள்மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். டெல்பர்ட் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். இத்தனை வருஷம் வாழ்ந்ததற்கு ஏதோ ஒரு வார்த்தை சொல்லப் போகிறார் என்று காதைக் கொடுத்தேன். "பொடிமீன் தொட்டியில காத்து மோட்டார் ஓடுதா பாரு" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. உங்கள் கட்டைப் பற்றி அல்ல, என்னைப் பற்றியும் அல்ல.

கொட்டகையின் தகரம் காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு தகடு பறந்து யார் கார்மேலாவது விழுந்தால் துறையே போய்விடும் என்று இன்சூரன்ஸ்காரர் எழுதிவிட்டார். அந்த நேரம் பார்த்து நாஷ்வில்லில் உணவகம் கட்டுகிற ஒருவன் வந்தான். சாயம் போன பழைய பலகைதான் வேண்டுமாம், சுவரில் அடிப்பதற்கு. எனக்கு வேண்டாதது, அவனுக்கு வேண்டும். கொடுத்தேன். வாழ்நாள் முழுக்க நான் செய்கிற வேலை அதுதான்.

"அந்தக் கொட்டகையை மட்டும் தொடாதீங்க" என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்ல மாட்டாய். கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தால்கூட நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயம். கடைசியில் என்ன ஆயிற்று? நிலத்துக்காரிக்கே தன் நிலத்தில் நிற்பது என்னவென்று தெரியாமல் போயிற்று. என்னை ஏமாற்ற நினைத்து நீங்கள் இருவரும் ஏமாந்தீர்கள்.

அந்தக் கட்டை இறக்கிய நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சீடார் மரங்கள் என் அப்பாவின் வேலியோரத்தில் வெட்டியவை. கல் எல்லாம் இடித்த பள்ளிக்கூடத்திலிருந்து என் லாரியில் நான் ஏற்றி வந்தவை. கை தோல் உரிந்து போயிருந்தது. எல்லாவற்றையும் படகில் அடுக்கி முடித்ததும் நீ என்ன சொன்னாய்? "அண்ணி, நீங்க போயி சில்லி வைங்க, நாங்க வந்துடுறோம்." போனேன். இறைச்சியும் பீன்ஸும் போட்டு ஒரு அண்டா வைத்தேன், சோளரொட்டி சுட்டேன். இருவரும் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டீர்கள். எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். "தண்ணியில" என்றாய். டெல்பர்ட் சிரித்தார்.

சரி. அதை விடு. வியாபாரத்துக்கு வருகிறேன்.

ஹோல்கம்ப் வியாழக்கிழமையோடு கடையைப் பூட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். இந்தக் குளிரில் நீ ஊரார் படகு இறக்குகிற பொது இறக்கத்தில் லாரியை நிறுத்திக்கொண்டு ஆள் தேடுவாய். வோல்கரைக் கூட்டிப் போய் மீனைக் காட்டு. கைமாறும்போது உன்னைப் பற்றி அவரிடம் பேசுகிறேன். குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும் துறைக்கு ஒரு வழிகாட்டி வேண்டும்தானே.

வெர்லா


பொது இறக்கம் அருகில்
1995 டிசம்பர் 20

வெர்லா,

நீங்கள் சொல்வதை நம்பினேன் என்று எழுதமாட்டேன். நம்பவில்லை என்றும் எழுதவில்லை. நம்புவதால் கொட்டகை திரும்ப முளைக்காது.

உள்ளதைச் சொல்கிறேன். நவம்பர் கடைசியிலிருந்து அந்தக் கட்டைத் தேடுகிறேன். பாறைப் பிளவுக் கோட்டின் மேலேயே போகிறேன், வருகிறேன். காற்று இல்லாத நாளில் ஒருமுறை கருவியில் ஏதோ மினுக்கியது. மிதவையைத் தூக்கிப் போடுவதற்குள் படகு நகர்ந்துவிட்டது. மெம்ஃபிஸிலிருந்து வருஷா வருஷம் வருகிற நான்கு பேர் வந்தார்கள். காலை முழுக்கச் சுற்றினோம். பிடித்ததில் ஒரு வாளியின் அடிகூட மறையவில்லை. அவர்களில் மூத்தவர், "என்னய்யா ஹாய்ட், மீனெல்லாம் தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போயிருச்சா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த குளிருக்குத் தேதி எழுதி வைக்கச் சொல்லாமலே போய்விட்டார்கள். இது முன்னெப்போதும் நடந்ததில்லை.

ஜனவரி போனால் எனக்கு எல்லாம் போயிற்று. ஏப்ரலில் கரையில் உட்கார்ந்திருக்கிற கிழவிகூடக் கிராப்பி பிடிப்பாள். என்னைத் தேடி ஒருவன் காரோட்டி வருவது ஜனவரிக்காகத்தான்.

அதனால் வருகிறேன். ஆனால் ஒன்று நீங்கள் செய்ய வேண்டும்.

கொட்டகையின் தெற்கு மூலைக் கல் இன்னும் மண்ணில் இருக்கும். அன்று விடிந்ததும் யாராவது அந்தக் கல்மேல் நிற்க வேண்டும். டெல்பர்ட்டின் வேட்டைக் கோட்டு, அந்த ஆரஞ்சு நிறக் கோட்டு, ஒரு மைலுக்குத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு நிற்கட்டும். நான் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். கம்பம் நட்டால் போதாதா என்று கேட்காதீர்கள். கம்பம் நட்டால் அது எதற்கு என்று ஏரியிலுள்ள ஒவ்வொருவனும் கேட்பான். மனுஷன் என்றால் நிற்பான், போய்விடுவான்.

யாராவது என்று எழுதினேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்று உங்களுக்கே தெரியும்.

வருகிறவர் படகில் எனக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கேமரா கூடாது. என் படகில் எல்லோருக்கும் அதுதான் சட்டம்.

என்னைப் பற்றி அவரிடம் பேசுவதாகச் சொன்னதை மறக்க வேண்டாம்.

ஹாய்ட்


சல்ஃபர் ஓடை
1995 டிசம்பர் 27

ஹாய்ட்,

ஆக, எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. பத்தொன்பது வருஷம் கழித்து உங்கள் இரகசியத்துக்குள் என்னைச் சேர்த்துக்கொள்கிறாய், கம்பத்துக்குப் பதிலாக.

நிற்கிறேன். ஜனவரி பதினொன்றாம் தேதி. அவர் முந்தின நாள் மாலை வந்து மூன்றாம் குடிலில் தங்குகிறார். உன் பொடிமீனைத் தனித் தொட்டியில் பிடித்து வைக்கிறேன். கோட்டைத் தேடி எடுத்தேன், பையில் இன்னும் டெல்பர்ட்டின் புகையிலைத் தூள் இருக்கிறது. தும்மல் வருகிறது.

இடுப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நிற்பேன். சீக்கிரம் கண்டுபிடி.

வெர்லா


பொது இறக்கம் அருகில்
1996 ஜனவரி 14

அண்ணி,

அவர் உங்களிடம் வாயாரச் சொல்லியிருப்பார். இருந்தாலும் படகில் நடந்ததை நான் எழுதினால்தான் உங்களுக்குத் தெரியும்.

நடுத்தடத்துக்குப் போனதும் அவரைத் திரும்பி உட்காரச் சொன்னேன். "என்னய்யா, மூலையில நிக்க வைக்கிற வாத்தியார் மாதிரி பண்றே?" என்றார். "காத்து மூஞ்சியில அடிக்கும்ங்க, கண்ணுல தண்ணி வந்தா தூண்டில் தெரியாது" என்றேன். பிளவும் கோபுரமும் சேர்ந்தன. அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக நகர்ந்தேன். முனையில் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தது. அது தண்ணீர்த் தொட்டிக்கு இடதுபக்கம் இருந்தது, நகர்ந்தது, நகர்ந்தது, அடியில் வந்து நின்றது. நங்கூரத்தைப் போட்டேன். கருவியைப் போட்டால் திரை முழுக்கக் கட்டு. அண்ணி, நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். குளிரில் காது மரத்துப் போனது பிறகுதான் தெரிந்தது.

அவர் தலையை மட்டும் திருப்பி, "அங்க யாரோ ஆரஞ்சு கோட்டுல நிக்கிறாங்களே?" என்றார். "நாயைத் தொலைச்சவங்களா இருக்கும்" என்றேன். "ரொம்ப நேரமா ஒரே இடத்துல நின்னு தேடுறாங்களே" என்றார். ஆள் கவனிக்கிறவர்தான்.

குளிரில் கிராப்பி இழுக்காது. கம்பு வளையாது. மேலேறி வந்து வாயில் வாங்கிக்கொள்ளும், நூல் தளரும், அவ்வளவுதான். "நூல் தொய்ஞ்சா தூக்குங்க" என்று சொன்னேன். முதல் மூன்றை விட்டார். நான்காவதைத் தூக்கினார், உள்ளங்கையைவிட அகலம், கறுப்புப் புள்ளி மினுமினுக்க. "அட, மெத்தை மாதிரி இருக்கே!" என்றார். அவருக்கு எல்லாமே மெத்தைதான். பிறகு நிறுத்தவில்லை. அரசு அனுமதித்த அளவு இருவருக்கும் நிரம்பியது.

மறுநாள் பாறைச் சுவரில் பாஸ். தூண்டிலைப் பாறைப் படியில் வைத்துவிட்டு ஒரு சிகரெட் பாதி எரியும்வரை அசைக்கக் கூடாது என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை. ஆனாலும் ஒன்று பிடித்தார், நல்ல கனம். பிடித்ததை முத்தமிட்டுத் தண்ணீரில் விட்டார்.

நீங்கள் இரண்டு தடவை நகர்ந்தீர்கள். அதனால் ஒருமுறை கோட்டைத் தவறவிட்டு நங்கூரத்தை மறுபடி தூக்க வேண்டியதாயிற்று. அடுத்த தடவை கல்லைவிட்டு இறங்க வேண்டாம்.

இனி ஆள் நிற்காமலே, யாரும் சந்தேகப்படாத மாதிரி அந்தக் கல்மேல் ஒரு வைக்கோல் போர் போட முடியுமா என்று யோசிக்கிறேன். புது முதலாளியிடம் பேசி அதைச் செய்துகொள்வேன். என் வேலை எழுத்தில் எப்போது வரும்?

ஹாய்ட்


சல்ஃபர் ஓடை
1996 ஜனவரி 22

ஹாய்ட்,

கையெழுத்து ஆகிவிட்டது. நான் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டார், பேரம் பேசவில்லை. பேரம் பேசாதவரிடம் எனக்கு எப்போதும் சந்தேகம், ஆனால் வங்கிக் காசோலைமேல் சந்தேகம் கிடையாது.

உன்னைப் பற்றிப் பேசினேன். ஏரியை உன்னைவிடத் தெரிந்தவன் இல்லை என்று சொன்னேன், அது உண்மை. "பார்க்கலாம் மேடம்" என்றார். எழுத்தில் எதுவும் வராது. எழுத்தில் தருவேன் என்று நானும் எழுதவில்லை, முந்தைய கடிதத்தை எடுத்துப் பார்.

மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்கிறேன். பாதூகாவுக்குப் போவது பிப்ரவரி நடுவில்.

வெர்லா


பொது இறக்கம் அருகில்
1996 பிப்ரவரி 6

வெர்லா,

சனிக்கிழமை ஏரிமேல் மூடுபனி. முனை தெரியவில்லை, பாறை தெரியவில்லை, என் படகின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. எவனும் தண்ணீரில் இறங்க மாட்டான் என்று லாரியிலேயே உட்கார்ந்திருந்தேன். நடு ஏரியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பனி விலகியதும் பார்த்தேன். என் கட்டின்மேல் வோல்கரின் படகு. பக்கத்தில் இன்னும் மூன்று. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் படகு. நடுவில் ஆரஞ்சு மிதவையைக் கட்டி மிதக்க விட்டிருக்கிறார், வழி தெரியாதவன்கூட வந்து சேர்வதற்கு. குடில் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு அந்த இடம் இலவசமாம்.

வேலை கேட்டுப் போனேன். கடையில், நீங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வழிகாட்டியா? எதுக்குங்க?" என்றார். "வழி என் பையில இருக்கு." சட்டைப்பையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்துக் காட்டினார், போன் மாதிரி. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களிடம் கேட்டு இடத்தைச் சொல்லுமாம். அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். அன்று படகில் நங்கூரம் போட்டதும் கையுறைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கை சூடாக்குகிற டப்பா என்று நினைத்தேன். பட்டணத்து ஆள், விரல் குளிர்கிறது போலிருக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். யாரையும் கரையைப் பார்க்க விடாத நான், அவர் கையுறையைப் பார்க்கவில்லை.

அந்தக் கட்டில் இனி மீன் இருக்காது. ஒரு குளிர் தாங்கும், அடுத்த குளிருக்கு வெறும் மரம். வேறு கட்டுப் போடலாம் என்பீர்கள். புதுக் கட்டில் மீன் அடைய வருஷங்கள் ஆகும், எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கல்லைத் தூக்கக் கூட ஆள் இல்லை.

இதைக் கேட்கத்தான் எழுதினேன். நேற்று படகைக் கழுவினேன். அவர் உட்கார்ந்த இருக்கைக்கு அடியில் ஒரு பேட்டரி அட்டை கிடந்தது, காலி. அதில் உங்கள் கடை விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. எண் உங்கள் கையெழுத்து.

உங்களுக்குத் தெரியுமா?

ஹாய்ட்


சல்ஃபர் ஓடை
1996 பிப்ரவரி 11

ஹாய்ட்,

தெரியும்.

அன்று காலை நீ இறக்கத்தில் படகைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாய். வோல்கர் கடைக்குள் வந்து காபி ஊற்றிக்கொண்டார், பேட்டரி கேட்டார். "டார்ச்சுக்கா?" என்றேன். "இல்ல, இதுக்கு" என்று அந்தப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். ஒளிக்கவில்லை. வியாபாரிக்கு வியாபாரி ஒளிக்க மாட்டான்.

"இது என்ன பண்ணும்?"

"நான் எங்க நிக்கிறேன்னு இதுக்குத் தெரியும் மேடம். அம்பது அறுபது கஜம் முன்னப் பின்ன இருக்கும். மிச்சத்தை நான் தேடிக்குவேன்."

"எங்க ஆளு பார்த்தா படகை விட்டுத் தள்ளிருவான்."

"பார்த்தாத்தானே? அவன் கரையை இல்ல பார்த்துக்கிட்டிருப்பான்." காபியைக் குடித்தார். "உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க. நான் இப்படியே இண்டியானாவுக்குத் திரும்பிடுறேன்."

பேட்டரியையும் மீதிச் சில்லறையையும் கொடுத்தேன்.

அப்படியே முனைக்குப் போய்விடவில்லை, இதையும் தெரிந்துகொள். கோட்டை மாட்டிக்கொண்டு முதலில் இறக்கத்துக்குத்தான் வந்தேன். நீ இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். செப்டம்பருக்குப் பிறகு அன்றுதான் நேருக்கு நேர். "ஹாய்ட்" என்று கூப்பிட்டேன். சொல்லத்தான் வந்தேன், வார்த்தை நாக்கில் இருந்தது. நீ நிமிராமல் சொன்னாய்: "கல்லு மேல ஏறி அசையாம நில்லுங்க. அவ்வளவுதான் உங்க வேலை, வேற எதுவும் பண்ண வேணாம்."

வேறு எதுவும் பண்ணவில்லை.

கட்டு யாருடையது என்று கேட்பாய். போட்டவனுடையது என்பது உங்கள் வழக்கம். மரம் என் அப்பாவுடையது, கல்லைச் சுமந்தது என் முதுகு. டெல்பர்ட்டின் பங்கும் சட்டப்படி எனக்கு வந்தது. என் பங்கை விற்றேன். ஏரிக்கு அடியில் வேலி போட்டுப் பாதியை மட்டும் விற்க வழி இருந்தால் அப்படியே விற்றிருப்பேன். உன் பங்கு அதோடு சேர்ந்து போயிற்று. அதற்கு நான் வருத்தப்படுகிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். உன் கடிதத்தைப் படித்த அன்று சாப்பிட முடியவில்லை. மறுநாள் சாப்பிட்டேன்.

கொட்டகை விஷயத்தில் நான் செய்யாததைச் செய்தேன் என்று முடிவு கட்டி, போனை வைத்து, கடிதத்தில் என்னைக் கள்ளி ஆக்கினாய். அப்போது உண்மையைத்தான் எழுதினேன், நீ நம்பவில்லை. இப்போது எழுதுவதை உடனே நம்புவாய் என்று தெரியும். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டாய், பதில் சொன்னேன்.

வியாழக்கிழமை மகள் கார் கொண்டுவருகிறாள். விலாசம் தரவில்லை, கேட்காதே.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன், இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அந்தக் கல்மேல் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு தடவை நகர்ந்தது இடுப்பு வலியால்தான். உன் படகு வண்டு மாதிரி சிறியதாகத் தூரத்தில் ஊர்ந்தது. பிறகு நின்றது. பிறகு மூக்கை என் பக்கம் திருப்பி, அப்படியே கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பத்தொன்பது வருஷத்தில் நீ என்னைக் கண்ணெடுத்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஒரு மைலுக்கு அப்பாலிருந்து, கொட்டகை மூலையாக.

வெர்லா